கேன உபநிடதத்தைத் தந்த சாகை: ஜைமினீய சாமவேதமும் அதன் நூல்களும்

கேட்கப்பட்டது இதுதான்: கேன உபநிடதத்திற்குத் தலவகார உபநிடதம் என்று இன்னொரு பெயர் எப்படி வந்தது, அது சேர்ந்ததாகச் சொல்லப்படும் ஜைமினீய சாகை சாமவேதத்தின் எந்தப் பகுதி, அந்தச் சாகை இன்று வழக்கில் இருக்கிறதா அல்லது நூலகங்களில் மட்டும்தான் இருக்கிறதா. மூன்றுக்கும் சேர்த்தே விடை சொல்கிறேன். ஏனென்றால் இந்தச் சாகையின் நூல்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்காமல் கேன உபநிடதத்தை மட்டும் தனியே எடுத்துப் படிப்பதால்தான் அதன் பல வரிகள் திடீரென்று வந்தவை போலத் தோன்றுகின்றன.

முதலில், சாகை என்பது வேதத்தின் ஒரு பகுதி அன்று. ஓர் ஆசிரியர் வழியில் ஓதப்பட்டு வந்த முழு வேதத்திற்கே சாகை என்று பெயர். கௌதும சாகையைச் சேர்ந்த ஒருவர் தம் சாகையை அத்யயனம் செய்து (ஆசிரியரிடம் ஓதிக் கற்று) முடித்தால் சாமவேதத்தை முழுமையாக ஓதியவர் ஆகிறார். ஜைமினீய சாகையைச் சேர்ந்தவரும் அப்படியே. ஒருவர் ஓதியதில் மற்றவருடையது விடுபட்டுவிட்டது என்று யாரும் கருதுவதில்லை. பதஞ்சலி தமது மகாபாஷ்யத்தில் யஜுர்வேதத்திற்கு 101 சாகைகள், ரிக்வேதத்திற்கு 21, அதர்வத்திற்கு 9 என்று சொல்லி, சாமவேதத்திற்கு மட்டும் ஆயிரம் வழிகள் என்கிறார். அந்த ஆயிரம் எண்ணிச் சொன்னதாக இருக்க வேண்டியதில்லை. பாடும் முறைகளின் பெருக்கத்தைக் குறித்ததாகவே கொள்ளலாம். இன்று எஞ்சியவை கௌதுமம், ராணாயனீயம், ஜைமினீயம் ஆகிய மூன்று. முதல் இரண்டும் பாடத்தில் பெரும்பாலும் ஒத்தவை. ஜைமினீயம் பாடத்திலும் இசையிலும் தனித்து நிற்பது.

ஜைமினியும் தலவகாரரும் ஆசிரியரும் மாணவருமாக மரபில் நினைக்கப்படுகிறார்கள். இந்தச் சாகையினர் ஓதும் ஒரு வணக்கச் செய்யுள், வியாசரிடமிருந்து சாமவேதம் முழுவதையும் பெற்றவர் என்று ஜைமினியைப் போற்றி, அவரைத் ‘தலவகாரகுரு’ என்று அழைக்கிறது. ஆகவே ஜைமினீயம், தலவகாரம் என்ற இரண்டு பெயர்களும் ஒரே சாகைக்கு உரியவை. அந்தச் சாகையைச் சேர்ந்ததால்தான் கேனத்திற்குத் தலவகார உபநிடதம் என்ற பெயர். தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் தலவகாரம் என்ற பெயரும் வருகிறது.

இனி நூல்களுக்கு வருவோம். சாமவேத சம்ஹிதை என்று அச்சில் கிடைப்பது பெரும்பாலும் ரிக்வேதத்திலிருந்து எடுக்கப்பட்ட ரிக்குகளின், அதாவது செய்யுள்களின் தொகுப்புதான். அதை மட்டும் படித்துவிட்டு, ரிக்வேதத்தையே திரும்பச் சொல்கிறதே என்று ஏமாற்றம் அடைகிறவர்கள் உண்டு. சாமவேதம் உண்மையில் இருக்குமிடம் கானங்கள் எனப்படும் இசை நூல்கள். ஓர் எடுத்துக்காட்டைப் பார்த்தால் இது விளங்கும். சம்ஹிதையின் முதல் ரிக்கு ‘அக்ன ஆயாஹி வீதயே’ என்று தொடங்குகிறது. அக்கினியே, உண்பதற்கு வா என்பது பொருள். இதையே கௌதும கானத்தில் பாடும்போது ‘ஓக்னாஇ, ஆயாஹீ, வோஇதோயாஇ, தோயாஇ’ என்று எழுகிறது. உயிர்கள் நீள்கின்றன, அகரம் ஓகாரமாகிறது, சொல்லின் கடைசிப் பகுதி பிரிந்து மறுபடி ஒலிக்கிறது. இவற்றுக்கு நடுவே ஹாஉ, ஹோஇ, ஔஹோவா போன்ற, பொருள் இல்லாத ஸ்தோப எழுத்துகள் வந்து சேர்கின்றன. ஒரே ரிக்கின் மேல் பல சாமங்கள், அதாவது இசைப் பாடல்கள் அமையலாம். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனி ரிஷி உண்டு.

கானங்கள் நான்கு வகை. ஊருக்குள் ஓதத்தக்க கிராமகேயம், காட்டில் ஓதத்தக்க ஆரண்யம் ஆகிய இரண்டும் அடிப்படை. அந்த இசையை வேள்வியில் பாட வேண்டிய மும்மூன்று ரிக்குகளின் மேல் ஏற்றிப் பாடுவதற்கு ஊஹம், ஊஹ்யம் என்ற மற்ற இரண்டும் உள்ளன. வழக்கமாகக் கொடுக்கப்படும் கணக்கின்படி கௌதும சாகையில் கிராமகேயம் 1197, ஆரண்யம் 294, ஊஹம் 1026, ஊஹ்யம் 205, ஆக மொத்தம் 2722 சாமங்கள். ஜைமினீயத்தில் இவை முறையே 1232, 291, 1802, 356, மொத்தம் 3681. சம்ஹிதையை எடுத்துக்கொண்டால் நிலைமை தலைகீழ்: கௌதுமத்தில் 1875 ரிக்குகள், ஜைமினீயத்தில் 1687 மட்டுமே. ரிக்குகள் குறைவு, சாமங்கள் மிகுதி. அடிப்படைக் கானங்களில் இரு சாகைகளுக்கும் வேறுபாடு சிறிதே என்பதையும், ஊஹத்தில்தான் ஜைமினீயம் ஏறக்குறைய எண்ணூறு சாமங்கள் கூடுதலாகக் கொண்டிருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். வேள்வியில் எந்த இசையை எந்த ரிக்கின் மேல் ஏற்றுவது என்பதை ஜைமினீயர் தம் கானத்திலேயே விரிவாகப் பாடி வைத்துக்கொண்டார்கள் என்பதையே இந்த எண்கள் காட்டுகின்றன.

எழுதிவைக்கும் முறையும் வேறு. கௌதுமத்தார் சுரத்தைக் குறிக்க எண்களைப் பயன்படுத்துகிறார்கள். ஓதும்போது கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுச் சுரம் காட்டுவார்கள். ஜைமினீயச் சுவடிகளில் எண்கள் இல்லை; எழுத்துகளே இசைக்குறிகளாக வரிகளுக்கு இடையில் வருகின்றன. அவை தனித்தனிச் சுரங்களைக் குறிப்பவை அல்ல, இசைத் திருப்பங்களைக் குறிப்பவை. ஆசிரியரிடம் சந்தை சொல்லி, அதாவது அவர் சொல்வதைக் கேட்டுத் திருப்பிச் சொல்லிப் பழகாதவர் அந்த எழுத்துகளை வைத்துக்கொண்டு ஒரு சாமத்தையும் பாடிவிட முடியாது.

அடுத்தது ஜைமினீய பிராமணம். பிராமணம் என்பது வேள்விகளை விளக்கும் வேத நூல்; இது மூன்று காண்டங்கள் கொண்ட பெரிய உரைநடை நூல். முதல் காண்டத்தின் முதல் 65 பிரிவுகள், நாள்தோறும் காலையிலும் மாலையிலும் தீயில் ஆகுதி இடும் அக்கினிஹோத்திரத்தைப் பற்றியவை. பிறகு சோம வேள்விகள், ஆண்டு முழுதும் நடக்கும் சத்திரங்கள், பன்னிரண்டு நாள் வேள்வி என்று விரிகிறது. ஒவ்வொரு சாமத்திற்கும் அது எப்படி வந்தது, அதைக் கண்ட ரிஷி என்ன வேண்டிக் கண்டார் என்று ஒரு கதை சொல்வது இதன் இயல்பு. கௌதுமத்தாரின் பஞ்சவிம்ச பிராமணம் இரண்டு வரியில் சொல்லிவிட்டு நகரும் இடத்தில் இது நின்று நிதானமாகக் கதை சொல்லும். முதுமையடைந்த சியவனர் இளமை பெற்ற கதை, தோல் நோயுற்ற அபாலையின் கதை முதலியவற்றின் பழைய வடிவங்களை இங்கே காணலாம். வேத இலக்கியத்தில் கதைச் சுவைக்காக ஒரு நூலைப் படிக்க விரும்பும் ஒருவருக்கு நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

பிருகுவின் கதை அக்கினிஹோத்திரப் பகுதியில் வருகிறது. வருணனின் மகனான பிருகு, கல்வியில் தந்தையையும் விஞ்சியவன் என்று தன்னை நினைத்துக்கொண்டான். வருணன் அவன் பிராணனைப் பற்றிக்கொள்ள, அவன் மயங்கி மறுவுலகம் சென்றான். அங்கே ஒரு மனிதன் இன்னொரு மனிதனைத் துண்டு துண்டாக வெட்டித் தின்பதைக் கண்டான். வேறோரிடத்தில் கதறி அழும் ஒருவனை ஒருவன் தின்றான்; இன்னோரிடத்தில் வாய் திறவாமல் இருக்கும் ஒருவனை ஒருவன் தின்றான். மீண்டு வந்து தந்தையைக் கேட்டபோது விடை கிடைத்தது. அக்கினிஹோத்திரம் செய்யாமல், முறை அறியாமல் இங்கே மரங்களை வெட்டி எரிப்பவனை அங்கே மரங்கள் மனித வடிவெடுத்துத் தின்கின்றன; கதறியவனைத் தின்றவை விலங்குகள், வாய் திறவாதவனைத் தின்றவை நெல்லும் யவமும் (வாற்கோதுமையும்). உண்ணும் ஒவ்வொன்றுக்கும் மனிதன் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்ற அச்சத்தை இவ்வளவு நேராகச் சொல்லும் வேதக் கதை எனக்குத் தெரிந்து வேறு சிலவே.

இந்தப் பிராமணத்தைத் தொடர்ந்து வருவது ஜைமினீய உபநிடத பிராமணம். நான்கு அத்தியாயங்கள். வேறு சாகைகளில் ஆரணியகம் வகிக்கும் இடத்தை இங்கே இது வகிக்கிறது. கேன உபநிடதம் இதன் நான்காம் அத்தியாயத்தில் 18 முதல் 21 வரையுள்ள நான்கு கண்டங்கள் (சிறு பிரிவுகள்) தான். அதற்குப் பின்னும் நூல் தொடர்கிறது. சங்கரர் தமது பாஷ்யத்தின் தொடக்கத்தில், இது ஒன்பதாம் அத்தியாயத்தின் ஆரம்பம் என்றும், இதற்கு முன்னர் கருமங்களும் பிராண உபாசனையும் சாமத்தின் அங்கங்களைப் பற்றிய உபாசனைகளும் சொல்லப்பட்டன என்றும், அவற்றை அடுத்துக் காயத்திர சாமத்தைப் பற்றிய தரிசனம் ஆசிரிய வமிசப் பட்டியல் ஈறாகச் சொல்லப்பட்டது என்றும் எழுதுகிறார். இன்று அச்சில் உள்ள பாடத்தைத் திறந்து பார்த்தால் கேனத்திற்குச் சற்று முன்னால் காயத்திர சாமத்தின் வமிசப் பட்டியல் அப்படியே இருக்கிறது. அத்தியாய எண்ணிக்கை மட்டும் வேறு. அவர் முன்னிருந்த சுவடி பிராமணத்தையும் சேர்த்து எண்ணியிருக்க வேண்டும். சங்கரர் கேனத்தை முழுச் சாகையோடு வைத்தே படித்தார் என்பது இதனால் உறுதியாகிறது.

அந்த முன்பகுதியில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். உபநிடத பிராமணம் தொடங்கும்போதே, பிரஜாபதி மூன்று வேதங்களால் உலகை வென்று, மற்றத் தேவர்களும் அதேபோல வென்றுவிடக் கூடாது என்று அவற்றின் சாரத்தை எடுத்துக்கொண்டதாகச் சொல்கிறது. ரிக்கிலிருந்து பூ:, யஜுஸிலிருந்து புவ:, சாமத்திலிருந்து ஸ்வ: என்று எடுத்தவரால் ஓரெழுத்தின் சாரத்தை மட்டும் எடுக்க முடியவில்லை. அது ஓம். அதுவே வாக்காயிற்று, அதன் சாரம் பிராணன். இதை அடுத்துக் காயத்திர சாமத்தைப் பாடும் முறை வருகிறது: ‘ஓவாச் ஓவாச் ஓவாச் ஹும் பா ஓவா’. கீழே ரிக்கு இருக்கிறது, ஆனால் அதன் சொற்கள் ஒலிப்பதில்லை. சொல்லை மறைத்து இசையை மட்டும் நிறுத்தும் இந்தப் பாடலை நூல் உடலற்ற சாமம் என்கிறது.

அதன் ஆற்றலைச் சொல்ல ஒரு கதை. குரு நாட்டு அரசன் உச்சைச்சிரவஸ் இறந்துபோனான். அவன் மருமகன், பாஞ்சால அரசன் கேசி தார்ப்யன், துயரத்தோடு காட்டில் திரிந்தபோது இறந்த மாமனையே எதிரில் கண்டான். தழுவிக்கொள்ளப் போனான்; கைக்கு எதுவும் அகப்படவில்லை. புகையின் ஊடே, காற்றின் ஊடே, நெருப்பின் ஊடே, நீரின் ஊடே கை செல்வது போல இருந்தது. உருவம் முன்பு போலவே இருக்க, தழுவ முடியவில்லையே என்று கேட்டதற்கு, உடலற்ற சாமத்தை அறிந்த ஓர் அந்தணர் எனக்கு உத்காதாவாக (வேள்வியில் சாமம் பாடும் தலைமைப் பாடகராக) இருந்து பாடினார், அதனால் என் உடல்களை உதறிவிட்டார் என்று மாமன் விடை சொன்னான். கேசி அத்தகைய ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்துத் தன் வேள்விக்கு அழைத்து வந்தான்.

இன்னொரு கதையும் இந்நூலில் வருகிறது, சாந்தோக்கியத்திலும் பிருகதாரண்யகத்திலும் உள்ள அதே கதை. அசுரரை வெல்லத் தேவர்கள் சாமத்தின் முதன்மையான பகுதியாகிய உத்கீதம் பாட வேண்டும். மனத்தைக் கொண்டும், வாக்கைக் கொண்டும், கண்ணைக் கொண்டும், செவியைக் கொண்டும் பாடினார்கள். ஒவ்வொன்றையும் அசுரர் பாவத்தால் துளைத்துவிட்டார்கள். பிராணனைக் கொண்டு பாடியபோது மட்டும், கல்லில் மோதிய மண்ணாங்கட்டி போல அசுரர் சிதறிப்போனார்கள்.

இவ்வளவையும் கேட்டு வந்த ஒரு மாணவனுக்குக் கேனத்தின் முதல் மந்திரம் எப்படி ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். யாரால் ஏவப்பட்டு மனம் சென்று விழுகிறது, யாரால் பூட்டப்பட்டு முதற்பிராணன் இயங்குகிறது, யாரால் ஏவப்பட்ட வாக்கைப் பேசுகிறார்கள், கண்ணையும் செவியையும் எந்தத் தேவன் பூட்டுகிறான்? மனம், வாக்கு, கண், செவி, பிராணன் என்ற பட்டியல் அவனுக்குப் புதியதன்று. உத்கீதம் பாடிய அதே பாடகர்கள் இவர்கள். பிராணனை ஏன் முதல் என்று சொல்ல வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும், அதுதான் வென்றது. இப்போது கேள்வி, வென்ற அந்தப் பிராணனையும் இயக்குவது யார் என்பது. ‘வாக்கால் சொல்லப்படாதது எதுவோ, எதனால் வாக்கு சொல்லப்படுகிறதோ’ என்று விடை வரும்போது, சொல்லை மறைத்துப் பாடும் காயத்திர சாமத்தை நாள்தோறும் பாடிப் பழகியவனுக்கு அது வெறும் தத்துவ வாக்கியமாக இருந்திருக்க முடியாது. இது என் வாசிப்பு. ஆனால் நூலின் வைப்பு முறை இதையே ஆதரிக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். உபநிடதத்தின் முடிவும் இதற்கு இசைகிறது: தவம், அடக்கம், கருமம் ஆகியவை இதன் நிலைக்களம், வேதங்கள் இதன் எல்லா அங்கங்களும், சத்தியம் இதன் உறைவிடம் என்கிறது. கருமத்தையும் வேதத்தையும் விலக்கிவிட்டு நிற்கும் தனிநூலாகக் கேனம் தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை.

மற்ற நூல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாமங்களின் பெயர்களைத் தரும் ஆர்ஷேய பிராமணம், வேள்வியில் சாமவேதிகளின் வேலையை வகுக்கும் சிரௌத சூத்திரம், உபநயனம், திருமணம் முதலியவற்றுக்கான கிருஹ்ய சூத்திரம் ஆகியவை இச்சாகைக்குத் தனியே உண்டு. சிரௌத சூத்திரத்திற்குப் பவத்ராதர் எழுதத் தொடங்கிய விரிவான உரையை அவர் மாணவர் ஜயந்தர் நிறைவு செய்தார். பழைய பாடும் முறையை அறிய அது பெருந்துணை.

ஜைமினீயம் எங்கே வாழ்ந்தது என்ற கேள்விக்கு விடை தென்னாட்டில் இருக்கிறது. சுந்தர சோழனின் அமைச்சர் அநிருத்த பிரம்மாதிராயருக்கு அளிக்கப்பட்ட அன்பில் செப்பேடு, அவரை ஜைமினி சூத்திரத்தைச் சேர்ந்தவர், அதாவது இச்சாகையினர் என்கிறது. முதலாம் இராசேந்திரன் காலத்தில் எண்ணாயிரம் என்ற ஊரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு அங்கிருந்த கல்லூரியின் 270 இளநிலை மாணவர்களைத் துறைவாரியாகக் கணக்கிடும்போது, ரிக்வேதத்திற்கு 75, யஜுர்வேதத்திற்கு 75 என்று சொல்லி, சாந்தோக சாமத்திற்கு (அதாவது கௌதுமத்திற்கு) 20, தலவகார சாமத்திற்கு 20 என்று இரண்டு சாம சாகைகளையும் பிரித்தே சொல்கிறது. 11ஆம் நூற்றாண்டில் விழுப்புரம் பக்கத்தில் ஜைமினீயம் கௌதுமத்துக்குச் சமமான எண்ணிக்கையில் கற்பிக்கப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. தாமிரபரணிக் கரையில் தென்திருப்பேரையின் தலபுராணமும் தலவகார சாமவேதிகள் நூற்றெட்டுப் பேர் காவிரிக் கரையிலிருந்து வந்து குடியேறியதாகவும், வழியில் ஒருவர் குறைந்தபோது அவ்வூர்ப் பெருமாளான மகரநெடுங்குழைக்காதரே அந்த ஒருவராக வந்து நின்றதாகவும் சொல்கிறது. அது வரலாறு என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஊரார் தம் சாகையை எவ்வளவு நெருக்கமாக நினைத்தார்கள் என்பது அதில் தெரிகிறது. கேரளத்தில் நம்பூதிரிகளிடையே சாமவேதம் என்றாலே ஜைமினீயம்தான். திருச்சூர் மாவட்டத்துப் பாஞ்ஞாள் அதன் முதன்மையான ஊர். ஆக ஒரே சாகைக்கு நம்பூதிரி வழி, தமிழ் வழி என்று இரண்டு பாடல் வழிகள் உள்ளன. பாடம் ஒன்றுதான், இசையைக் கேட்டால் ஒரே நூல் என்று சொல்வது கடினம்.

அச்சு வரலாறு 19ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெல் சேகரித்த சுவடிகளிலிருந்து தொடங்குகிறது. அவர் 1878இல் ஆர்ஷேய பிராமணத்தை மங்களூரில் அச்சிட்டார். மேலே சொன்ன பிருகுவின் கதையை முதலில் வெளியிட்டவரும் அவரே. உபநிடத பிராமணத்தை ஓர்ட்டெல் 1890களில் அமெரிக்காவிலும், சம்ஹிதையைக் காலாண்ட் 1907இலும் பதிப்பித்தார்கள். பிராமணம் முழுவதும் ரகுவீரரும் லோகேஷ் சந்திரரும் சேர்ந்து 1954இல் நாகபுரியில் வெளியிட்டபோதுதான் ஒரே நூலாகக் கிடைத்தது. ஆயினும் அச்சில் வந்தவற்றுள் பிழைபட்ட இடங்கள் மிகப் பல. சுவடிகள் சிலவே என்பதால் பல கதைகளின் நடுவே பொருள் கொள்ள முடியாத வரிகள் இன்னும் நிற்கின்றன.

சாகை இன்று உயிரோடு இருக்கிறது, ஆனால் சிலரிடமே. 1975 ஏப்ரலில் பாஞ்ஞாளில் நடந்த அக்கினிசயனம் என்ற பெரிய சோம வேள்வியை வேத ஆய்வாளர் ஃபிரிட்ஸ் ஸ்டால் முன்னின்று பதிவு செய்தார். அதில் உத்காதாவும் துணைப்பாடகர்களும் பாடிய சாமங்கள் ஜைமினீய முறையில் ஆனவை. அந்தப் பதிவுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. தமிழ்நாட்டில் கல்லணை அருகே தோகூரும் திருவரங்கமும் இந்த ஓதலுக்குப் பெயர் பெற்றவை. சம்ஹிதையும் பிராமணமும் தாளில் இருப்பதால் அழியமாட்டா. கானம் அப்படி அன்று. சந்தை சொல்லிக் கொடுக்க ஒருவரும் கேட்டுக்கொள்ள ஒருவரும் ஓரிடத்தில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்தால் ஒழிய மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சாமங்கள் அடுத்த தலைமுறைக்குச் செல்லாது. பொருளுதவியும் பாடசாலைகளும் முதலில் செல்ல வேண்டிய இடம் இது என்பதில் எனக்கு ஐயமில்லை.

சாமவேதக் குடும்பத்தில் பிறந்தும் தம் சாகை எது என்று அறியாதவர்கள், அபிவாதனம் (பெரியோரை வணங்கித் தம் கோத்திரமும் சூத்திரமும் கூறும் வாசகம்) சொல்லும்போது தம் சூத்திரமாக எதைச் சொல்கிறார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் போதும். தமிழ்நாட்டில் திராஹ்யாயண சூத்திரம் என்று வந்தால் பெரும்பாலும் கௌதுமம். ஜைமினி சூத்திரம் என்று வந்தால் இங்கே பேசிய சாகை. கேன உபநிடதத்தைப் படிக்க இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உபநிடத பிராமணத்தின் முதல் அத்தியாயத்தில் ஓங்காரத்தைப் பற்றிய தொடக்கக் கண்டங்களையும், மூன்றாம் அத்தியாயத்தில் கேசி தார்ப்யன் கதையையும் முதலில் படித்துவிட்டு, நான்காம் அத்தியாயத்தின் வமிசப் பட்டியல் வழியாகக் கேனத்திற்குள் செல்லுங்கள்.